நிலக்கோட்டைக் கல்யாண கேசட்

திண்டுக்கல்
3.11.2025, திங்கள்

அம்பிகா,

பிரிஸ்கில்லா எழுதுகிறேன். ஆமாம், அதே பிரிஸிதான். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் அதுவே எனக்குப் போதும்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே யோசித்துக்கொண்டிருப்பாய். போன மாதம் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு கல்யாண ஆல்பம் ஆர்டர் வந்தது. பெண் தன் பள்ளிக்கூட குரூப் போட்டோவையும் சேர்க்கச் சொன்னாள். ஓரத்தில் ஒரு டீச்சர் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறார். "யாரும்மா இவங்க?" என்றேன். "எங்க சயின்ஸ் டீச்சருங்க. சிரிக்கவே மாட்டாங்க" என்றாள். சின்னாளப்பட்டியில் நீ சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். செத்த நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. அப்புறம் அவளிடமே உன் விலாசத்தை வாங்கினேன்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கடை அதே மணிக்கூண்டுப் பக்கத்து மாடியில்தான் இருக்கிறது. அதே செங்குத்துப் படிக்கட்டு. ஏறி வருகிற மாப்பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது. ட்ரோன் வாங்கியிருக்கிறேன். அக்கா மகள் கீர்த்தனா என்னோடு இருந்து எனக்குப் புதுசு புதுசாகக் கற்றுத் தருகிறாள். நான் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு கற்றுக்கொள்கிறேன்.

போன வாரம் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு போட்டோவைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அதை அசைய வைக்கிறது. கண் சிமிட்டுகிறது, தலை திரும்புகிறது, சிரிக்கிறது. எல்லாரும் அவரவர் தாத்தாவைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு உடனே உன் தம்பி ஞாபகம்தான் வந்தது. சந்தோஷ்குமாரின் பெரிய படத்தை நாங்கள்தானே போட்டுக் கொடுத்தோம், அதன் காப்பி கடையில் இருந்தது. எட்டு விநாடி வருகிறது. பென் டிரைவில் வைத்திருக்கிறேன்.

நாம் பேசாத இருபத்திமூன்று வருஷத்துக்கு எட்டு விநாடி ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு எழுத மனம் வரவில்லை.

பிரிஸி


நெய்க்காரப்பட்டி
6.11.2025

பிரிஸ்கில்லா,

பென் டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது என் தம்பி இல்லை.

அவன் அப்படித் தலையைத் திருப்ப மாட்டான். அவன் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும், முன்பல் உடைந்ததிலிருந்து அப்படித்தான். உன் கம்ப்யூட்டர் அவனுக்கு முழுப் பல்வரிசை வைத்துவிட்டது. அந்தக் கோட்டும் டையும் வேறு. அவன் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. ஹால் டிக்கெட் போட்டோவில் உங்கள் கடைக்காரர்கள் வரைந்து மாட்டிய கோட்டு அது. இருபத்திமூன்று வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கோட்டுப் போட்ட ஆள் மாலையோடு தொங்குகிறார். அம்மாவுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. லேப்டாப்பை மூடுவதற்குள் பார்த்துவிட்டார். திரையைத் தொட்டு, "பேசுவானாடீ?" என்றார். "இல்லம்மா, இது பேசாது" என்றேன். "அப்ப எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. குரல் மறந்துவிட்டது. எப்படிப் பேசினான் என்று நினைத்துப் பார்த்தால் வார்த்தைதான் வருகிறது, சத்தம் வரவில்லை. வகுப்பில் ஒலி அலை பாடம் எடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அந்தக் குரல் உலகத்தில் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது, நாம் மூன்று பேரும் எடுத்த படத்தின் கேசட்டில். அதன் மேல் யாரோ ஒரு ஊர் தெரியாத ஆளின் கல்யாணத்தைப் பதிந்தது நீ. அவன் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவனைப் பார்க்கலாம் என்று உங்கள் கடைக்கு ஓடிவந்தேன். திரையில் மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "யார் செய்தது?" என்றேன். "நான்தான்" என்றாய். "ஏன்?" என்றேன். வாயைத் திறக்கவில்லை.

கவரில் போன் நம்பர் எழுதியிருக்கிறாய். போன் பண்ண மாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒழுங்காகத் திட்ட வராது.

அம்பிகா


திண்டுக்கல்
8.11.2025

அம்பி,

நீ திட்டியது முழுக்க நியாயம். அம்மா சாப்பிடாமல் படுத்தார் என்று படித்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கீர்த்தனாவிடம் சொன்னேன். "அந்த டீச்சர் சொல்றது கரெக்ட் சித்தி. அது அவரு மாதிரி ஒரு ஆளு, அவ்வளவுதான்" என்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த கேசட்டை நான் தூக்கிப் போடவில்லை. எங்கள் தொழிலில், வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற மிக்ஸிங் முடிந்ததும் அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிடுவோம். இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அப்பா இரண்டு தடவை கேட்டார், தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அது பீரோவில் என் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

மூன்று மணி நேர கேசட் அது. கல்யாணம் முழு கேசட்டையும் தின்றிருக்குமா, கடைசியில் நம் படம் ஒரு பத்து நிமிஷமாவது மிச்சம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நிச்சயம் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். போட்டுப் பார்த்து இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். உனக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இப்போது பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். நீ சரி என்று சொன்னால்.

பிரிஸி


நெய்க்காரப்பட்டி
10.11.2025

பிரிஸ்கில்லா,

சரி.

கடைசிப் பகுதியில் எது இருந்தாலும் அனுப்பு. கல்யாணத்தை அனுப்பாதே. அந்த மாப்பிள்ளை பெண் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

நீ எழுதியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது நம் ஏழு ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்கிறது. உங்கள் அப்பா கிளெமென்ட் மாமா சர்ச்சுக்குப் போனதும் கேமராவை எடுத்துக்கொண்டு நாம் பஸ் ஏறுவோம். இரண்டாம் பூசை முடிந்து அவர் திரும்புவதற்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகளைக் காயப்போட்ட மைதானத்தில் நான் நடந்து வர வேண்டும், நீ என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து எடுக்க வேண்டும். நீ கல் தடுக்கிக் கேமராவோடு உட்கார்ந்துவிட்டாய். விழும்போதும் கேமராவை மேலே தூக்கிப் பிடித்திருந்தாய். ஒரு மாதம் உனக்கு உட்கார முடியவில்லை. சேலைக்காரம்மா கருப்பாயி நம் மூன்று பேரையும் விரட்டிவந்தது, அப்புறம் "என்னையும் படம் புடிங்களேன்டீ" என்று தலை சீவிக்கொண்டு வந்து நின்றது.

அவனுக்கு வசனம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரி சொல்வான், சிரித்துவிடுவான். பதினாலு தடவை எடுத்தோம். கோபத்தில் எல்லா வசனத்தையும் அடித்துவிட்டு, பேசாத ஆளாக மாற்றிவிட்டேன். "அக்கா, நான் ஊமையா?" என்று கேட்டான். "ஆமாடா, அதுதான் உனக்கு நல்லது" என்றேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அம்புட்டுத் திமிர்.

அப்போது நமக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஏழு ஞாயிற்றுக்கிழமை போல ஒரு நாள் எனக்கு அதற்கப்புறம் வரவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தாய் என்பதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லிவிடு.

அம்பிகா


திண்டுக்கல்
15.11.2025, சனி

அம்பி,

இந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை இருபது வருஷத் தொழிலில் கற்றுக்கொள்ளவில்லை. பொறுமையாகப் படி.

உன் பதில் வருவதற்கு முன்பே, திங்கட்கிழமை பூரா விசிஆர் தேடி அலைந்தேன். ஊரில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் டிவி ரிப்பேர் பார்க்கும் சார்லஸ் அண்ணன் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். உள்ளே பல்லி முட்டை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதைத் துடைத்து ஓட வைத்தார்.

செவ்வாய்க்கிழமை உன் 'சரி' வந்த பிறகுதான் கேசட்டைத் திறந்தேன். டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே போட்டால் அறுந்துவிடும் என்றார் அண்ணன். டேப்பை வெளியே எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, முழம் முழமாக இழுத்துத் துடைத்தோம். நானும் கீர்த்தனாவும் மாறி மாறிச் சுற்றினோம். இரண்டு நாள் ஆனது.

டேப் காய்கிற நேரத்தில் பழைய நெகட்டிவ் டப்பாக்களைத் துழாவினேன். உன் தம்பியின் ஹால் டிக்கெட் நெகட்டிவ் கிடைத்தது. செல்போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன் மேல் நெகட்டிவை வைத்து, இன்னொரு போனில் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் போட்டோ வந்துவிடுகிறது! லேப் வேண்டாம், இருட்டறை வேண்டாம். மொத்தம் மூன்று எடுத்திருக்கிறார் அப்பா. உங்கள் வீட்டில் இருப்பது முதலாவது. இரண்டாவதில் சந்தோஷ் சிரித்துவிட்டான், கை பாதி வழியில் வாய்க்குப் போகிறது. ஹால் டிக்கெட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை. பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கோட்டைக் கழற்றிவிட்டேன் அம்பி.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை டேப்பை ஓட்டினேன். முதலில் கடைசிப் பகுதிக்குத்தான் போனேன். நம் படம் இல்லை. ஒரு விநாடிகூட இல்லை. முகூர்த்தம், பந்தி, பெண் அழைத்துப் போனது, மறுவீடு என்று டேப் தீரும் வரைக்கும் கல்யாணம்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்திமூன்று வருஷமாக ஒன்றுமில்லாததைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

விசிஆரை நிறுத்தப் போனேன். கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, யாரு அது பேசுறது?" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உனக்குத் தெரியாது. மிக்ஸிங்குக்கு உட்கார்ந்ததும் முதல் வேலை, டேப்பின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். கல்யாண வீட்டு இரைச்சல் யாருக்கு வேண்டும்? மேலே நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் போட்டுவிடுவோம். இந்த டேப்பையும் அப்பா சத்தமில்லாமல்தான் மிக்ஸிங் செய்தார், நான் அதை முழுசாகப் பார்த்ததில்லை. நீ வந்து பார்த்தபோதும் சத்தமில்லாமல்தான் ஓடியது. டேப்பில் என்ன சத்தம் இருக்கிறது என்று எங்கள் கடையில் ஒருவரும் எப்போதும் கேட்டதில்லை. இப்போது லேப்டாப்பில் ஏற்றும்போது குறைக்க மறந்துவிட்டோம்.

அன்றைக்கு நிலக்கோட்டைக் கல்யாணத்தில் கேமரா பிடித்தது அப்பா இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல். நான் லைட் பிடித்தேன். கேமரா பிடித்தது சந்தோஷ். அதுவரை லைட் தூக்க மட்டுமே வந்துகொண்டிருந்தவனுக்கு அதுதான் முதல் கல்யாணம். உன்னிடம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தான். அடுத்த வாரமே மஞ்சள் காமாலை.

அம்பி, கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற குரல் கேமரா பிடிக்கிறவனுடையது. மூன்று மணி நேரமும் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

நீ வேண்டாம் என்று சொன்ன கல்யாணத்தை முழுசாகப் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் முதல் நிமிஷத்தில் இருக்கிறது. நான் எழுதமாட்டேன். எழுதக்கூடாது என்று ஒரு ஆளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீ தனியாக ஒரு தடவை கேட்டுவிடு.

பிரிஸி


நெய்க்காரப்பட்டி
20.11.2025

பிரிஸி,

திங்கட்கிழமை சாயங்காலம் கூரியர் வந்தது. தொடத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். பதினெட்டு வருஷத்தில் காரணம் எழுதாமல் நான் போட்ட முதல் லீவு. அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

முதலில் தரைதான் தெரிகிறது. ஜமுக்காளம், அதன் மேல் சிந்திய மல்லிகைப்பூ, உன் கால். அப்புறம் அவன்.

"ஓடுதா? ஓடுது, ஓடுது, செவப்பு லைட் எரியுது. பிரிஸி, அக்காகிட்ட நீ வாயத் தெறந்துறாத. நானே சொல்லிக்கிறேன்."

"டேய், வேணாம்டா. அந்த கேசட்டு வேணாம்."

"வேற கேசட்டு இல்லையே, என்ன செய்யச் சொல்ற? அழியாம இருக்கன்னு ஒடச்சு வச்ச ஓட்டையில செல்லோடேப்ப ஒட்டியாச்சு, விடு. நம்ம படத்த அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து மறுபடி எடுத்துக்கலாம். இவுகளப் போயி தாலிய மறுபடி கட்டுங்கன்னு சொல்ல முடியுமா? அக்கா கத்துவா. கத்தட்டும், நான் வாங்கிக்கிறேன். நீ லைட்டத் தூக்கு."

அதற்கப்புறம் கெட்டிமேளம்.

அந்தக் குரல் இவ்வளவு மெல்லிசு என்று எனக்கு மறந்தே போய்விட்டது. 'க்கா' என்று முடிக்கும்போது கொஞ்சம் மேலே போகிறது. எப்படி மறந்தேன்?

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, வேறு கோபமாக மாறியிருக்கிறது. "நான்தான்" என்று ஏன் பொய் சொன்னாய்? தம்பி செத்து முப்பது நாள் ஆனவளிடம் அவன்தான் செய்தான் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பாய். அது எனக்குப் புரிகிறது. அப்புறம் இத்தனை வருஷம் இருந்ததே? அவனுக்குக் கொடுக்க வேண்டிய திட்டையெல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டேன். நீயும் அதை வாங்கிக்கொண்டு, பீரோவில் கேசட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். என் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கிளெமென்ட் மாமா இறந்தது எனக்கு உன் கடிதத்தில்தான் தெரியும். அப்போதே தெரிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். என்னை மன்னித்துவிடு பிரிஸி. இதை எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்தேன்.

அவனை அன்றைக்கே திட்டியும் விட்டேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "அறிவிருக்காடா உனக்கு? ஏழு வாரம் எடுத்ததுடா" என்று சத்தம் போட்டேன். அவன் பாட்டுக்கு, "மாப்ள, மூஞ்சிய இப்புடி உம்முன்னு வச்சிருந்தா எப்புடி" என்று யாரையோ கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டினார். "ஏனுங்க டீச்சர், யாருங்க உள்ள?" என்றார். "என் தம்பிங்க" என்றேன்.

நம் படத்தில் அவனுக்கு ஒரு வரிகூட நான் மிச்சம் வைக்கவில்லை. இதில் என்ன பேச்சுப் பேசுகிறான்! பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் கூட்டு பொரியலைக் காட்டி "வெஞ்சனம் எப்புடி?" என்று கேட்கிறான். பந்தியில் யாரோ பசிக்குது என்றால் "எனக்கும்தான் பசிக்குது, நான் சொல்லுறேனா?" என்கிறான். டேப் தீரப் போகிறது என்று தெரியாமல் ஒரு பாட்டைப் பாதியில் முணுமுணுக்கிறான். நீ இதைக் கேட்டாயா? சுருதியே சேரவில்லை.

சிரிக்கிற போட்டோவைச் சுவரில் மாட்டிவிட்டேன். கோட்டுக்காரரை இறக்கியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. பழனி பஸ் ஏறினால் வந்துவிடலாம். கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு வா. அவள் உன் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் நீ நிறுத்தியிருப்பாய்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே. புதன்கிழமை காலையில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணில் புரை, படம் சரியாகத் தெரியாது. அதனால் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழுவார், என்னவாவது ஆகிவிடும் என்று மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. காதை மட்டும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில் கல்யாண வீட்டு அம்மா யாரோ கேமராவுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவன், "அம்மா, செத்த தள்ளிக்கங்கம்மா, மறைக்குது" என்றான்.

எங்கள் அம்மா, "இந்தா தள்ளிட்டேன்யா" என்று எழுந்து, நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்பி